கொளுக்கியில் தெரிந்த முகம்

எனக்கு 38 வயது. உப்புவெளியில் இருக்கிறேன். அப்பா பொலிஸ் சார்ஜன்ட். 1997இல் வீதித்தடையில் கடமையில் நின்றபோது சுட்டுவிட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது, அவருக்கு 38.

எட்டுச் செலவுக்குச் சனம் அதிகம் வரவில்லை. "தமிழன் பொலிஸுக்குப் போனால் இப்படித்தான்" என்று முற்றத்தில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கன்னியாவில் அந்தியேட்டி முடித்து வந்த அன்றே அம்மா அவருடைய சீருடைப் படத்தைக் கழற்றி றங்குப் பெட்டிக்குள் வைத்தா. இப்போது சுவரில் இருப்பது வேட்டி கட்டிய படம். ஆடி அமாவாசை விரதம், படையல் எதுவும் குறைவதில்லை. அவரைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை.

மார்ச் 21, பொலிஸ் வீரர்கள் நினைவுதினத்தை டிவியில் காட்டினார்கள். அம்மா எழும்பிப் போய்விட்டா. "அம்மப்பா என்ன வேலை செய்தவர்?" என்று எட்டு வயது மகன் கேட்டான். "கந்தோரில்" என்று பொய் சொன்னேன். அன்றிரவு பெட்டியைத் திறந்தேன். பெல்ட்டின் தோல் வெடித்துக் கிடந்தது. பித்தளைக் கொளுக்கியில் என் முகம் தெரிந்தது. பின்னால் வந்த அம்மா "வை அதை" என்றா. அன்றிலிருந்து நித்திரை இல்லை. அவருக்காக அழ எனக்கு உரிமை இல்லையோ என்று இருக்கிறது.

— ஒரு மகள், திருகோணமலை

அன்புச் சகோதரி,

உரிமை உண்டு. முற்றத்தில் கேட்ட அந்தச் சொல்லை ஒரு பத்து வயதுப் பிள்ளை தனியாகச் சுமந்திருக்கிறது. கூட இருந்து அழ ஊர் வராத வீட்டில் துக்கம் மெல்ல வெட்கமாக மாறிவிடும். பெற்றவர் இறந்த வயதைப் பிள்ளை எட்டும்போது பழைய துக்கம் திரும்ப வருவதும் வழமை. நீங்கள் இப்போது அந்த வயதில்தான் நிற்கிறீர்கள்.

அந்த மார்ச் 21, 1864இல் கொள்ளைக்காரன் சரதியேலைப் பிடிக்கப் போன இடத்தில் சுடப்பட்டு இறந்த கொன்ஸ்டபிள் சபானின் நாள். அவரும் சிறுபான்மை இனத்தவர்தான், ஒரு மலாயர். அந்த நினைவில் உங்கள் அப்பாவும் சேர்த்தி. விழாவுக்குப் போவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

மகனிடம் சொன்ன பொய்யைச் சீக்கிரம் திருத்துங்கள். "அம்மப்பா பொலிஸ். வேலையில் நின்றபோது சுட்டுவிட்டார்கள். சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது" என்றால் போதும். பிறகு அவன் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். யார், ஏன் என்பதெல்லாம் அவன் வளர வளர வரும். இரண்டு கிழமையில் நித்திரை சரிவராவிட்டால் ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இனி அம்மா. கடற்காற்றடிக்கும் ஊரில் பித்தளை கெதியாகக் கறுத்துவிடும். இத்தனை வருடம் பெட்டிக்குள் கிடந்த கொளுக்கியில் உங்கள் முகம் தெரிந்தது என்றால், யாரோ அதைத் துலக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தக் காலத்தில் யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று தெரியாது. உங்களைக் காப்பாற்றத்தான் படத்தைக் கழற்றியிருப்பார் என்று நினைக்கிறேன். பயம் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

சாவைப் பற்றி அவரிடம் பேச்சை எடுக்காதீர்கள். ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து, "அந்தக் கொளுக்கியை எதால துலக்குறீங்க அம்மா, புளியாலயா, பிராசோவாலயா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள்.