நாகர்கோவிலில் அரசு மேல்நிலைப்பள்ளிகளை ஒப்பிட தேர்ச்சி விகிதம் மட்டும் போதுமா?

வடசேரி பக்கம் வீடு மாறுகிறோம், மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தைப் பார்த்துப் பள்ளியை முடிவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மூத்தவளை பிளஸ் ஒன் சேர்க்கும்போது நான் அப்படித்தான் செய்தேன். வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பெரிய ஃபிளெக்ஸ். சேர்த்த பிறகுதான் தெரிந்தது, அந்த வருடம் பரீட்சை எழுதியதே 23 பேர். இயற்பியலுக்கு அக்டோபர் வரை ஆளே இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகப் (பி.டி.ஏ.) பணத்தில் ஒரு தற்காலிக டீச்சர் வந்து போனார். ஃபிளெக்ஸில் அதையெல்லாம் போடமாட்டார்களே.

பிளஸ் டூ மார்க் எப்படி வருகிறது என்று பாருங்கள். இயற்பியல், வேதியியல் மாதிரி பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்தில் 15 எடுத்து, மொத்தம் 35 வந்தால் பாஸ். செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் பெரும்பாலும் தாராளமாகவே போடுவார்கள். ஆக, 'பாஸ்' என்பதற்கும் பிள்ளைக்கு இயற்பியல் தெரியும் என்பதற்கும் சம்பந்தம் குறைவு. நம் மாவட்டத்தில் தேர்ச்சி எப்போதும் உயரம்தான். இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்தை வைத்து நல்ல பள்ளி, சுமார் பள்ளி என்று பிரிக்க முடியாது. 2017-லிருந்து ரேங்க் பட்டியலும் கிடையாது.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. பீஸ் குறைவு என்றால் எல்லாவற்றையும் 'கவர்மென்ட் ஸ்கூல்' என்று சொல்லிவிடுவோம். ஒன்றை மனதில் வையுங்கள்: எஸ்.எல்.பி. அரசுப் பள்ளி. ஸ்காட், டதி போன்ற பழைய மிஷன் பள்ளிகள் அரசு உதவி பெறுபவை. பெயருக்குப் பக்கத்தில் 'உதவி பெறும்' என்று நிற்கும் இந்த ஒரு சொல், மருத்துவ சீட்டில் பெரிய விஷயம். 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு மட்டும் (கல்வி உரிமைச் சட்டம், அதாவது ஆர்.டி.இ. மூலம் எட்டு வரை தனியாரில் படித்தவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு). என் அக்கா மகள் பத்து வரை எய்டட் பள்ளியில் படித்து, இந்த ஒதுக்கீட்டை நம்பி பிளஸ் ஒன்னுக்கு அரசுப் பள்ளிக்கு மாறினாள். பிரயோஜனம் இல்லை. உங்கள் மகள் இப்போதுதான் ஆறாம் வகுப்பு என்பதால் இதை முதலில் யோசியுங்கள்.

அப்புறம், மத்திய அரசின் பள்ளித் தகவல் தளமான யூடைஸ் பிளஸ்ஸில் பள்ளியின் ரிப்போர்ட் கார்டைத் திறங்கள். வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று வரும். ஒன்பதில் இருந்த கூட்டம் பத்தில் திடீரென்று மெலிந்திருந்தால், ஏன் என்று எச்.எம்-மிடமே கேளுங்கள். எந்தெந்த குரூப் இருக்கிறது, எந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். முடிந்தால் ஜூனில் போகாமல், ஒரு வேலைநாள் மதியம் மூன்று மணிக்குப் போங்கள். லேபுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.