அடுப்பு மேடையில் ஏறும் பூனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழையும் குளிரும் தொடங்கிய பிறகு வந்த கடிதங்களில் பாதி பூனையைப் பற்றித்தான், அதிலும் குசினி மேடையில் ஏறுகிற பூனையைப் பற்றி. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஆளுக்கொரு விதமாக இருந்தவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் லயத்தில் இருக்கிறோம். எலித் தொல்லைக்காகக் கொண்டுவந்த பூனை இப்போது எங்களுக்கே தலையிடி. இரவில் அடுப்பு மேடையில்தான் படுக்கிறது. விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்க) போகிற அவசரத்தில் ரொட்டிக்கு மா குழைத்து வைத்தால் அதில் கால் பதிந்திருக்கிறது, கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. மாமி விளக்குமாற்றால் அடிக்கிறார், தண்ணீர் ஊற்றுகிறார். அவர் இருக்கும்போது ஏறாது, வெளியே போனதும் ஏறிவிடுகிறது. கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார். வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது தங்கச்சி, கொண்டுபோய் விடாதீர்கள். அது பிடிவாதத்தில் செய்யவில்லை என்பதை முதலில் மாமிக்குச் சொல்லுங்கள். பூனையின் உடல் வெப்பம் 38 பாகைக்கு மேலே. சுற்றிலும் 30 பாகைக்குக் குறையாத சூடு இருந்தால்தான் அது உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தனியாகப் பாடுபடாமல் நிம்மதியாகத் தூங்கும். நுவரெலியாவில் வருடம் முழுக்கப் பார்த்தாலே சராசரி 16 பாகைதான், தை மாசி இரவுகளில் புல்லில் பனி உறைந்து வெள்ளையாகிற நாட்களும் உண்டு, உங்கள் பக்கமும் குளிருக்குக் குறைவில்லை. அப்படிப்பட்ட இரவில் ஒரு லயக் காம்பராவில் கடைசி வரைக்கும் சூடு மிச்சமிருக்கிற இடம் அடுப்பு மேடை மட்டும்தான். அங்கே சூடும் இருக்கிறது, கருவாட்டு வாசமும் இருக்கிறது, நாலு பக்கமும் பார்க்கிற உயரமும் இருக்கிறது. இதைவிட்டு அது ஏன் சிமெந்துத் தரையில் படுக்கப் போகிறது?

அடிப்பதால் என்ன ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாமி நிற்கும்போது மேடை ஆபத்து, மாமி இல்லாதபோது மேடை நல்ல இடம், இதைத்தான் பூனை படித்திருக்கிறது. மேடையைப் பற்றி அது ஒன்றும் படிக்கவில்லை, மாமியைப் பற்றித்தான் படித்திருக்கிறது. போகப் போக ஆட்களைக் கண்டாலே ஓடும், மூலையில் சிறுநீர் கழிக்கும், தூக்கப் போனால் கீறும். குளிர் நாளில் தண்ணீர் ஊற்றினால் நனைந்த உடம்போடு நேரே சூட்டைத் தேடித்தான் போகும், அதாவது திரும்பவும் அடுப்புக்கு.

ஆகவே மேடையில் கிடைப்பதை நிறுத்த வேண்டும், அதே பொருளை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் சரிவராது.

சூட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரு மரப் பெட்டி, பழைய தேயிலைப் பெட்டி வீட்டில் கிடந்தால் இன்னும் நல்லது, அதைச் சாய்த்து வாய் பக்கவாட்டில் இருக்கும்படி, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரோரமாக, இடுப்பளவு உயரத்தில் எதன் மீதாவது ஆடாமல் வையுங்கள். பொறி பறந்து விழாத தூரம் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே சாக்கு, அதற்கு மேலே பழைய கம்பளிச் சட்டை. இரவுச் சமையல் முடிந்ததும் அடுப்போரத்தில் சூடேறிய செங்கல் ஒன்றைச் சாக்கில் நன்றாகச் சுற்றி (கையை ஒரு நிமிடம் வைத்தால் சுடக்கூடாது) அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், போத்தலில் சுடுதண்ணீர் அடைத்துத் துணி சுற்றினாலும் போதும். தணல் முழுக்க அணைந்த பிறகு அடுப்பு வாயையும் மேடையையும் ஒரு தகரத்தால் மூடுங்கள். இது பூனைக்கும் நல்லது, ஏனென்றால் நமக்குச் சுள்ளென்று உறைக்கிற சூடு பூனைக்கு அவ்வளவு சீக்கிரம் உறைக்காது, மீசையும் பாதமும் கருகிய பிறகுதான் எழும்பும்.

அடுத்தது சாப்பாடு, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பூனைக்குச் சோறும் பருப்பும், மிஞ்சினால் ரொட்டியைப் பாலில் நனைத்தும் போடுகிறோம். எலி பிடிக்கும்தானே என்று நினைக்கிறோம். பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்கிற பிராணி. டோரின் என்ற சத்தை அதன் உடம்பால் தேவையான அளவுக்குத் தானே செய்துகொள்ள முடியாது, மீனிலும் இறைச்சியிலும் இருந்துதான் கிடைக்க வேண்டும், அது இல்லாமல் நீண்ட நாள் போனால் கண் பார்வை கெடும், இதயத் தசை பலவீனமாகும். வயிறு நிறையச் சோறு தின்ற பூனை கருவாட்டைத் திருடுவது ஆசையால் மட்டுமல்ல, உடம்பு கேட்கிறது. விலை ஏறிக் கிடக்கிற காலத்தில் தினமும் மீன் வாங்கு என்று நான் சொல்லவில்லை. மீன் வாங்குகிற நாளில் தலை, குடல் பக்கத்துத் துண்டுகளை உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்துக் கொடுக்கலாம், கோழி ஈரல் கொஞ்சம் கொடுக்கலாம், நெத்தலி என்றால் சுடுதண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்கிக் கொடுக்கலாம், முட்டையும் அவித்துக் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு போட்ட கறியை மட்டும் கொடுக்காதீர்கள், அவை பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். ஒரே தடவையாகக் கொட்டாமல் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து, முக்கியமாக நீங்கள் சமைக்கத் தொடங்குவதற்கு முன்பே போடுங்கள். பசியோடு இருக்கிற பூனைக்கு முன்னால் மீன் வெட்டிவிட்டு அது ஏறுகிறது என்று கோபிப்பது நியாயமில்லை.

மேடையில் ஒரு துரும்பும் இருக்கக்கூடாது. குழைத்த மா மூடியுள்ள சட்டிக்குள் போகட்டும், கருவாடு கம்பி வலை போட்ட அலுமாரிக்குள் போகட்டும். அலுமாரி இல்லையென்றால் உறி கட்டுங்கள். நம் பாட்டிமார் பால் சட்டியையும் நெய்யையும் உறியில் தொங்கவிட்டது பூனைக்காகத்தான், தேங்காய்க் கயிறும் வளையில் ஓர் ஆணியும் போதும், அது இன்றைக்கும் வேலை செய்யும். பக்கத்தில் தாவி ஏறுவதற்கு வாங்கோ விறகுக் குவியலோ இல்லாத இடமாகப் பார்த்துக் கட்டுங்கள்.

இதையெல்லாம் செய்த முதல் சில நாட்களில் பூனை முன்பைவிட அதிகமாக ஏறும், அதற்காக விட்டுவிடாதீர்கள். இவ்வளவு நாள் கிடைத்தது எங்கே என்று தேடுகிறது, ஒன்றும் கிடைக்காவிட்டால் தானாகக் குறையும். ஆனால் நடுவில் ஒரு நாள் பிள்ளைகள் பாவம் என்று மேடையில் வைத்தே மீன் துண்டு கொடுத்தால் எல்லாம் போச்சு. எப்போதாவது ஒருமுறை விழுகிற லொத்தருக்காகக் கிழமை தவறாமல் டிக்கெட் வாங்குகிறவர்களைப் போல அது மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். வீட்டில் எல்லோரும், மாமியும் சேர்த்து, ஒரே பேச்சில் நில்லுங்கள். மேடையில் கண்டால் சத்தம் போடாமல், பேசாமல், இரண்டு கையாலும் தூக்கி இறக்கிவிடுங்கள். பெட்டியிலோ முக்காலியிலோ அதுவாகப் போய் உட்கார்ந்ததைக் கண்டால் அந்தக் கணமே ஒரு துண்டு மீன் கொடுங்கள். கொஞ்சம் தாமதித்துக் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. சமைக்கும்போது பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க ஒரு பூனையைப் பழக்கலாம், அப்படிப் பழகிய பூனை மேடையைச் சீண்டாது.

கேள்வி: நுவரெலியா டவுனில் புது வீட்டில் குசினிக்கு மேடையும் அலுமாரியுமாகப் பென்ட்ரி அடித்து இன்னும் வருடம் முடியவில்லை. பூனை அதன் மேல்தான் நடக்கிறது. யூக்கலிப்டஸ் எண்ணெயைத் தண்ணீரில் கலந்து அடித்தால் கிட்டவே வராது என்கிறார்கள். பூச்சி உருண்டையும் வைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். தடிமலுக்கு ஆவி பிடிக்க நம் பக்கத்து எல்லா வீட்டிலும் யூக்கலிப்டஸ் எண்ணெய் இருக்கிறது, ரோட்டோரக் கடைகளிலும் போத்தல் போத்தலாக விற்கிறார்கள், நமக்கு மருந்தாக இருப்பது பூனைக்கும் மருந்தாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். பூனையின் ஈரலுக்கு இந்த மாதிரி எண்ணெய்களை உடைத்து வெளியேற்றுகிற சக்தி மிகக் குறைவு. அது குடிக்க வேண்டுமென்றுகூட இல்லை, பாதத்தில் ஒட்டும், பிறகு நக்கித் துடைக்கும், உள்ளே போய்விடும். எச்சில் வடிவது, வாந்தி, தள்ளாடி நடப்பது, சோர்ந்து கிடப்பது என்று வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். சித்ரனெல்லா எண்ணெயும் அப்படித்தான். பூச்சி உருண்டை பூனைக்கும் கைக்குழந்தைக்கும் விஷம். தண்ணீரில் ஊற்றினதும் பால் மாதிரி வெள்ளையாகிற கிருமிநாசினியால் மேடையைத் துடைக்கிற பழக்கமிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், சவர்க்காரத் தண்ணீர் போதும். மேடையில் மாத்திரை அட்டையும் வைக்காதீர்கள், ஒரே ஒரு பனடோல் பூனையைக் கொன்றுவிடும்.

தோடம்பழத் தோல் வைத்துப் பார்க்கலாம், சில பூனைகளுக்குப் பிடிக்காது, காய்ந்ததும் பலன் போய்விடும். அதைவிட இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை ஓர் அட்டையில் ஒட்டி மேடை விளிம்பில் வையுங்கள், அல்லது அலுமினியத் தாளை விரித்து வையுங்கள். பாதத்தில் ஒட்டுவதும் சரசரக்கிற சத்தமும் பெரும்பாலான பூனைகளுக்கு ஆகாது. நீங்கள் இல்லாதபோதும் அது அங்கேயே இருக்கும், உங்கள் மீது பூனைக்கு வெறுப்பும் வராது.

அப்புறம் உங்கள் பென்ட்ரி ஜன்னலுக்குக் கீழே இருக்கிறதா பாருங்கள். குருவி பார்க்கத்தான் ஏறுகிறதென்றால் வேறொரு ஜன்னலோரத்தில் பலகை ஒன்று அடித்துக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை முடிந்தது. குழாயில் சொட்டுகிற தண்ணீரைக் குடிக்க ஏறுகிற பூனையும் உண்டு. குழாயைத் திருத்துங்கள், சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி அகலமான கோப்பையில் தண்ணீர் வையுங்கள்.

கேள்வி: பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். மகள் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். பூனை மேடையில் ஏறினால் பிள்ளைக்கு ஆகாது, பூனையையே வீட்டில் வைக்கக்கூடாது என்கிறார்கள். உண்மையா?

பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, பூனையைத் துரத்துகிற அளவுக்கு இல்லை. டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றித்தான் சொல்கிறார்கள். அது பூனையின் முடியில் வருவதில்லை, மலத்தில் வருகிறது. அதுவும் எலியோ பச்சை இறைச்சியோ தின்று முதன்முதலாகத் தொற்று வந்த பூனையிலிருந்து சில வாரங்களுக்கு மட்டும். வெளியே வந்தவுடன் தொற்றாது, 1 முதல் 5 நாள் போன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே பூனை மலம் கழிக்க மண் தட்டு வைத்திருந்தால் தினமும் சுத்தம் செய்யுங்கள், அதை மகள் செய்ய வேண்டாம், வேறு யாராவது செய்யட்டும்.

நம் பக்கத்தில் நான் அதிகம் கவலைப்படுவது மரக்கறித் தோட்டத்து மண்ணைப் பற்றி. லீக்ஸும் கரட்டும் போட்ட பாத்தியில் எல்லா வீட்டுப் பூனையும் தோண்டுகிறது, அதே காலோடு மேடைக்கும் வருகிறது. மகள் தோட்டத்தில் கை வைத்தால் கையுறை போடட்டும், மரக்கறியைப் பல தண்ணீரில் கழுவுங்கள், வல்லாரைச் சம்பல் மாதிரிப் பச்சையாகச் சாப்பிடுகிறவற்றை இந்த மாதங்களில் விட்டுவிடுவது நல்லது. இறைச்சி முழுக்க வேக வேண்டும், பலருக்கு இது வருவது வேகாத இறைச்சியால்தான். வெட்டுப் பலகையை மேடையில் விடாமல் அலுமாரிக்குள் வையுங்கள், சமைக்கத் தொடங்குமுன் மேடையைக் கழுவித் துடைத்துக் கொதிநீர் ஊற்றுங்கள். இந்த ஒட்டுண்ணி ப்ளீச்சுக்கு அசையாது, கொதிநீருக்குச் செத்துவிடும். கிளினிக்கில் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லுங்கள், இரத்தப் பரிசோதனை தேவையா என்று டொக்டர் பார்த்துச் சொல்வார்.

கேள்வி: இரவில் வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டால் தொல்லை தீர்ந்ததுதானே? (மஸ்கெலியா)

வேண்டாம். குளிர் ஒரு பக்கம், தெரு நாய்கள் ஒரு பக்கம், தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் இருப்பது உங்களுக்கும் தெரியும், அது நாயையே தூக்கிக்கொண்டு போகிறது. குசினிக் கதவைச் சாத்துங்கள், பூனையை இஸ்தோப்புப் பக்கத்து அறையில் சூடான பெட்டியோடு வையுங்கள். குசினிக்குக் கதவே இல்லாத வீடென்றால் முதல் பதிலில் சொன்ன உறியும் தகரமும்தான் வழி.

கேள்வி: மேடையிலிருந்து இறக்கப் போனபோது பூனை கையில் கீறிவிட்டது. மஞ்சள் பூசினேன். போதுமா? (ஹட்டன்)

போதாது. மஞ்சளை விடுங்கள், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு இன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி நோய் என்று பெயர் இருந்தாலும் அது பூனையாலும் வரும், வந்துவிட்டால் காப்பாற்ற முடியாது, ஊசியை முன்கூட்டிப் போட்டால்தான் தடுக்கலாம். ஊசி தேவையா இல்லையா என்பதை ஆஸ்பத்திரியில் தீர்மானிக்கட்டும், நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். பூனைக்குத் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். இல்லையென்றால் உங்கள் பகுதி அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில் கேட்டு அதற்கும் போட்டுவிடுங்கள், அதன் பிறகு வருடந்தோறும் போட வேண்டும். இனி இறக்கும்போது முன்னால் நின்று பிடிக்காமல், பக்கவாட்டில் நின்று ஒரு கையை நெஞ்சுக்குக் கீழேயும் மற்றக் கையைப் பின்னங்காலுக்குக் கீழேயும் கொடுத்துத் தூக்குங்கள். காதைப் பின்னுக்கு மடக்கி வாலை அடித்துக்கொண்டிருந்தால் தூக்கவே தூக்காதீர்கள், கீழே தட்டில் சாப்பாட்டை வைத்துக் கூப்பிட்டால் அதுவே இறங்கி வரும்.