கடன் முடிந்துவிட்டது என்கிறார் ஓனர், ஆனால் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) இன்னும் வங்கிப் பெயர் இருக்கிறது. இந்த 2012 ஆல்டோவுக்கு அட்வான்ஸ் தரலாமா?

இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். ஆர்சியில் உள்ள அந்த வங்கிக் கடன் பதிவு (எச்பி) கேன்சல் ஆகாமல், அல்லது வங்கி எழுத்தில் சம்மதிக்காமல், வண்டி உங்கள் பெயருக்கு மாறாது.

ஓனர் சொல்வதுபோல் கடன் உண்மையிலேயே முடிந்திருக்கலாம். பலர் கடைசித் தவணை கட்டியதோடு ஆர்டிஓ ஆபீஸை மறந்துவிடுவார்கள். கடன் முடிந்ததற்கு வங்கி தரும் என்ஓசியையும், எச்பியை நீக்குவதற்கான படிவம் 35-ஐயும் கேளுங்கள். "அப்புறம் தர்றேன் தம்பி" என்றால் வேறு வண்டி பாருங்கள்.

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ், பதிவுக் காலம் இரண்டையும் சரிபாருங்கள். 2012 பதிவு என்றால் 2027-ல் 15 வருஷம் முடிகிறது. ஆர்சி புதுப்பிக்கும் செலவைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

காலையில், எஞ்சின் சூடாகும் முன் போய் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் பால்காப்பி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் பேரம் பேசாதீர்கள். ஓடாமல் நின்ற வண்டியிலும் அது வரும், அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.