கான் நாற்றம்: டைல்ஸ் உடைக்குமுன் பாருங்கள்

கேள்வி: நாங்கள் இருப்பது நான்காம் மாடி ஃபிளாட். இரண்டாவது குளியலறையில் சில மாதங்களாகக் கான் நாற்றம். பினாயில் ஊற்றிக் கழுவினால் அரைமணி நேரம் அடங்கும், பிறகு பழையபடிதான். காலையில் அதிகம். வந்து பார்த்த பிளம்பர் நிலத்தை உடைத்துப் பைப் மாற்ற வேண்டும் என்கிறார். உடைக்கத்தான் வேண்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நாற்றம் எந்த வழியால் வருகிறது என்று தெரியாமல் உடைத்தால் டைல்ஸ் போகும், நாற்றம் இருக்கும். பினாயில் நிலத்தைத்தான் கழுவும். உங்களுக்கு வருவதோ பைப்புக்குள் இருக்கும் காற்று. அதை மறிப்பது ட்ரப்பில் (கழிவுநீர் பைப்புக்குள் போகுமுன் கொஞ்சம் தேங்கும் இடம்) தேங்கி நிற்கும் ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் தண்ணீர் மட்டுமே.

முதலில் நிலத்து ட்ரப்பின் கம்பி மூடியைக் கழற்றி டோர்ச் அடியுங்கள். தண்ணீர் மின்ன வேண்டும். சில ட்ரப்களில் மூடிக்குக் கீழே ஒரு கிண்ணம் கவிழ்ந்திருக்கும். முடி அடைத்துத் தண்ணீர் மெதுவாகப் போகிறது என்று கழுவ வருபவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிடுவது சாதாரணம். கிண்ணம் இல்லாவிட்டால் எத்தனை வாளி ஊற்றினாலும் மறிப்பு உண்டாகாது. விட்டத்தை அளந்துகொண்டு ஹாட்வெயாரில் கேளுங்கள். அளவுக்குக் கிடைக்காவிட்டால், தண்ணீர் போகும்போது மட்டும் திறக்கும் சிலிக்கன் வாய் வைத்த செருகி வாங்கிப் போடலாம்.

கிண்ணம் இருந்தும் தண்ணீர் இல்லையென்றால் இரண்டு லீற்றர் ஊற்றிவிட்டு அடுத்த நாள் முகர்ந்து பாருங்கள். நாற்றம் நின்றால், அந்தக் குளியலறையைப் பாவிக்காததால் வற்றியதுதான். ஓரிரு நாளிலேயே மட்டம் இறங்கினால் இரண்டு காரணங்கள் உண்டு. ட்ரப்பின் விளிம்பில் தொங்கும் முடியோ நூலோ திரிபோலத் தண்ணீரை மெல்ல உறிஞ்சி வெளியே விடும். வழித்து எடுத்தால் சரி. மற்றது காற்றோட்டக் குழாய். ஒருவர் கொமட்டை ஃபிளஷ் பண்ண, மற்றவர் ட்ரப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். 'குளுக்' என்று சத்தம் வந்து தண்ணீர் இழுபட்டால், மொட்டை மாடிவரை போக வேண்டிய காற்றுக் குழாய் எங்கோ அடைபட்டிருக்கிறது, அல்லது வெட்டப்பட்டிருக்கிறது. மேல்மாடிக்காரர் எல்லோரும் ஒரே நேரத்தில் குளித்து ஃபிளஷ் பண்ணுவதால்தான் காலையில் கூடுகிறது. அது கட்டட நிர்வாகக் குழு திருத்த வேண்டிய வேலை, உங்கள் நிலத்தில் ஒன்றுமில்லை.

எக்ஸோஸ்ட் ஃபேனையும் சந்தேகிக்கலாம். கதவைப் பூட்டி ஃபேனைப் போட்டுவிட்டு, ஒரு டிஷ்யூ கீற்றை ட்ரப்புக்கு மேலே பிடியுங்கள். அது மேலே எழும்பினால் ஃபேன் பைப்புக் காற்றை அறைக்குள் இழுக்கிறது.

இன்னும் பிடிபடவில்லையா? இரவில் ஒரு சொப்பிங் பேக்கில் தண்ணீர் நிரப்பி முடிந்து ட்ரப்பின் மேல் கிடத்துங்கள்; அது துவாரத்தில் நன்றாகப் படிந்துகொள்ளும். பேசினுக்கு அடைப்பான் போட்டு, அதன் ஓவர்ஃபுளோ துவாரத்துக்கு டேப் ஒட்டுங்கள். கதவைச் சாத்திவிட்டு, காலையில் வெளியாள் ஒருவரை முகரச் சொல்லுங்கள். வீட்டுக்காரரின் மூக்கு பழகிப்போயிருக்கும், நம்ப முடியாது. எல்லாம் மூடியும் நாறினால் கொமட்தான். நாறாவிட்டால் ஒவ்வொரு இரவும் ஒன்றைத் திறந்து பாருங்கள்.

கொமட்டில் உட்கார்ந்து இடம் வலமாகச் சாயுங்கள். அசைந்தால் அடியில் பூசிய சீமெந்து வெடித்திருக்கும். தண்ணீர் கசியாத வெடிப்பாலும் காற்று வரும். கசிவு இருக்கிறதா என்று பார்க்க, கேக்குக்குப் போடும் சிவப்பு கலரிங் கொஞ்சம் கொமட்டுக்குள் விட்டு ஃபிளஷ் பண்ணி, அடியைச் சுற்றி வெள்ளை டிஷ்யூவால் ஒற்றுங்கள். திருத்தம் இதுதான்: கொமட்டைத் தூக்கி, வாயையும் பைப்பையும் துடைத்துக் காயவைத்து, புது ரப்பர் கனெக்டர் போட்டு, அசையாமல் பூட்ட வேண்டும். அடியில் சிலிக்கன் பூசும்போது பின்பக்கம் ஓர் அங்குலம் விடச் சொல்லுங்கள். முழுக்கப் பூசினால் பிறகு கசிந்தாலும் வெளியே தெரியாது.

இவ்வளவும் பார்த்து ஒன்றும் அகப்படாதபோது மட்டும் நிலத்தடிப் பைப்பைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: நாற்றம் பேசினுக்குக் கிட்ட மட்டும். அடியில் சுருங்கி விரியும் பிளாஸ்டிக் பைப் போட்டிருக்கிறோம்.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அந்தப் பைப் நேராகச் சுவருக்குள் போகிறதா என்று பாருங்கள். போனால் அதில் தண்ணீர் தேங்க இடமில்லை. வளைத்துக் கட்டினால் கொஞ்ச நாள் ஓடும். பொட்டில் ட்ரப் (அடியில் தண்ணீர் தேங்கும் போத்தல் வடிவ ட்ரப்) போடுவதே நல்லது. பைப் சுவருக்குள் நுழையும் இடத்திலும் இடைவெளி இருக்கக் கூடாது, அதற்கு அளவான ரப்பர் வளையம் கிடைக்கும். பைப் சரியாக இருந்தும் நாறினால் ஓவர்ஃபுளோ துவாரத்துக்குள் படிந்த சளிதான். போத்தல் கழுவும் பிரஷால் சோப் போட்டுத் தேயுங்கள். பிளீச் விடுவதென்றால் அன்று அமிலக் கொமட் கிளீனரை அந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

கேள்வி: ஆறு மாதம் கனடாவில் மகளுடன் இருக்கப் போகிறோம். போன முறை வந்து கதவைத் திறந்ததும் வீடெல்லாம் நாற்றம்.
– வாசகி, தெஹிவளை

பதில்: ட்ரப்கள் வற்றியிருக்கும். புறப்படும் நாளில் ஒவ்வொன்றிலும் ஒரு லீற்றர் தண்ணீர் விட்டு, மேலே இரண்டு மூன்று மேசைக்கரண்டி திரவப் பரஃபின் ஊற்றுங்கள். எண்ணெய்ப் படலம் ஆவியாவதைக் குறைக்கும். சமையல் எண்ணெய் நாட்பட்டால் அதுவே சிக்கு மணக்கும். கொமட்டின் வாயைச் சமையலறை ஒட்டுப் படலத்தால் மூடிவிடுங்கள். திறப்பு யாரிடமாவது இருந்தால் மாதம் ஒருமுறை தண்ணீர் விடச் சொல்லுங்கள், எண்ணெயும் தேவையில்லை.

கேள்வி: எங்களுக்கு செப்டிக் தாங்கி. மழை பெய்தால் மட்டும் நாற்றம், ஃபிளஷும் மெதுவாகத்தான் போகும்.
– வாசகர், நுகேகொடை

பதில்: நிலத்தடி நீர் உயர்ந்து ஊறு குழி நிரம்பினால் தாங்கியில் மட்டம் ஏறும். மேலே இருக்கும் வாயு போக்கிடமில்லாமல் பலவீனமான ட்ரப்பால் வீட்டுக்குள் வரும். தாங்கியின் காற்றுக் குழாய் உச்சியில் கட்டிய நுளம்பு வலையைப் பாருங்கள். பெயின்ட் அடித்தபோது அடைபட்டிருக்கலாம். அப்படியானால் புது வலை கட்டுங்கள், வலையில்லாமல் விடாதீர்கள். தாங்கியை உறிஞ்சி வெறுமையாக்கும் கலி பவுசரை மழை ஓய்ந்து நீர் இறங்கிய பிறகே கூப்பிடுங்கள். ஈர நிலத்தில் வெறுமையான தாங்கி மிதந்து பைப்பை முறிக்கலாம். மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதோ லைட்டர் பற்றவைப்பதோ கூடாது. உள்ளே மெதேன் இருக்கும். ஐதரசன் சல்பைட்டு அதிகமானால் மூக்கை மரத்துப்போகச் செய்யும், நாற்றமே தெரியாமல் ஆள் விழுந்துவிடுவார்.