இரவில் வான் ஓட்டுபவர் கண் வில்லையை மாற்றலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. உப்புவெளியில் இருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் ஹயர் ஓடுகிறேன். அநேகமாக இரவுப் பயணம்தான். தூரத்துக்குப் பிளஸ் 2.50, வாசிக்க அதற்கு மேல் இன்னும் 2.00. கண்ணாடி இல்லாமல் ஒன்றும் ஓடாது. கனடாவில் இருக்கும் மச்சான் கண்ணுக்குள் லென்ஸ் வைத்துக்கொண்டு இப்போது பேப்பரும் வாசிக்கிறார், வாகனமும் ஓட்டுகிறார், கண்ணாடியே இல்லை. எனக்கு வெண்புரை இல்லை என்று கிளினிக்கில் சொன்னார்கள். நானும் செய்யலாமா? எத்தனை நாள் தொழிலை விட வேண்டும்?

பதில்: செய்யலாம். ஆனால் மச்சானுக்கு வைத்த லென்ஸ் அநேகமாக உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது பிளஸ் எண் அல்ல, ‘இரவுப் பயணம்’ என்பதுதான்.

முதலில் கண்ணுக்குள் நடப்பதைப் பார்ப்போம். பிறக்கும்போது நம் கண் வில்லை இளநீர் வழுக்கைபோல இளகியது. கிட்டப் பார்க்க நினைத்தால் தானாகக் குவிந்து கொடுக்கும். நாற்பதைத் தாண்டியதும் வழுக்கை முற்றித் தேங்காயாவதுபோல மெல்ல இறுகிவிடும். அதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். பிளஸ் கண்ணாடிக்காரர்களுக்கு இது இரட்டைச் சுமை. தூரத்தைப் பார்க்கவே குவிந்து கொடுத்த வில்லை, இப்போது இரண்டுக்கும் கை விரிக்கிறது.

சத்திரசிகிச்சை, வெண்புரைக்குச் செய்வது எதுவோ அதேதான். சொட்டு மருந்தால் கண்ணை விறைக்க வைத்து, ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீற்றர் வெட்டு வழியாக வில்லையை அல்ட்ராசவுண்ட் அதிர்வால் உடைத்து உறிஞ்சி எடுப்பார்கள். அதன் மெல்லிய உறையை மட்டும் விட்டுவிட்டு, அதற்குள் செயற்கை வில்லையை மடித்து விடுவார்கள். ஒரு கண்ணுக்குப் பதினைந்து, இருபது நிமிடம். உங்கள் விடயத்தில் ஒரே வேறுபாடு, எடுப்பது புரை விழுந்த வில்லை அல்ல, தெளிவான வில்லை. எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது என்பதை மட்டும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

(செயற்கை வில்லை எப்படி வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் ஹரிகேன் விமானத்து அக்ரிலிக் கண்ணாடிச் சிதறல்கள் பாய்ந்தும் கண் அவற்றை ஒதுக்காமல் இருந்ததை லண்டன் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி கவனித்தார். அதே பொருளில் 1949ல் முதல் வில்லையை வைத்தார்.)

சரி, மச்சானின் லென்ஸுக்கு வருவோம். பேப்பரும் ரோட்டும் கண்ணாடி இல்லாமல் தெரிகிறதென்றால் அது அநேகமாகப் பல்குவிய வில்லை. உள்ளே வரும் வெளிச்சத்தை இரண்டு மூன்றாகப் பங்கு போட்டு, ஒரு பங்கைத் தூரத்துக்கும் இன்னொரு பங்கைக் கிட்டத்துக்கும் கொடுக்கும். பகலில் வெளிச்சம் தாராளம், பங்கு போட்டாலும் குறை தெரியாது. இரவில்தான் வில்லங்கம். எதிரே வரும் லொறியின் லைட்டில் தூரத்துப் பங்கு கூர்மையாக விழும். கிட்டத்துப் பங்கோ குவியாமல் அந்த லைட்டைச் சுற்றி வளையமாகப் பரவும். நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டுமே, அப்படி. பலருக்குச் சில மாதங்களில் மூளை பழகி வளையத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். சிலருக்குப் பழகவே பழகாது. யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை என் கையில் இல்லை.

வளையத்தைவிட நான் பயப்படுவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு மங்குவதற்கு. வெளிச்சம் பங்கு போகும்போது, கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிறத்தைப் பிரித்தறியும் திறன் குறையும். கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டு ரோட்டில் இரவு இரண்டு மணிக்கு உங்களுக்கு வேண்டியது அந்தத் திறன்தான். அங்கே கறுப்பில் சாம்பல் என்றால் யானை.

ஆகவே என் தெரிவு ஒற்றைக்குவிய வில்லை, இரண்டு கண்ணும் தூரத்துக்கு. ரோடு தெளிவாகத் தெரியும், வேகமானி பெரும்பாலும் தெரியும், போனுக்கும் பில்லுக்கும் வாசிப்புக் கண்ணாடி வேண்டும். ‘இதற்கா இத்தனை செலவு?’ என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. இந்த வயதில் உங்கள் சொந்த வில்லையில் குவியும் சக்தி கொஞ்சமாவது மிச்சம் இருக்கும், அதையும் இழப்பீர்கள். தடித்த பிளஸ் கண்ணாடி போய், சட்டைப்பையில் ஒரு சின்னக் கண்ணாடி. இலாபம் அவ்வளவுதான். அது போதும் என்பவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். அரைமனதாகக் கேட்பவர்களை நான் காத்திருக்கச் சொல்வேன். எப்படியும் பின்னால் புரை வரத்தான் போகிறது, அன்றைக்கு இதே வேலை நடக்கும்.

இடைவழி ஒன்று உண்டு. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கொஞ்சம் கிட்டத்துக்கும் வைப்பது. இதன் அருமை, வெட்டுவதற்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம். அதே அளவில் கொன்டாக்ட் லென்ஸ் போட்டு ஒரு வாரம் இருந்து பாருங்கள். முதல் இரண்டு இரவும் வேறு யாராவது ஓட்ட, நீங்கள் பக்கத்து சீற்றில் இருங்கள். தலை இடித்தாலோ தூரக்கணிப்புத் தடுமாறினாலோ கழற்றி எறியலாம். ஒத்துப்போனாலும் இரவு ஓட்டத்துக்கு ஒரு தூரக் கண்ணாடி வானில் இருக்கட்டும்.

பிளஸ் கண் சிறிய கண். அதில் நன்மையும் உண்டு, சிக்கலும் உண்டு. மைனஸ்காரர்களுக்கு, அதுவும் வயது குறைந்தவர்களுக்கு, இந்தச் சத்திரசிகிச்சையின் பின் விழித்திரை கழரும் ஆபத்து அதிகம். உங்களுக்கு அது குறைவு. கண்ணின் முன்னறை ஒடுக்கமாக இருந்து அழுத்தம் ஏறும் அபாயம் இருந்தால், வில்லையை எடுப்பதால் அங்கே இடமும் கிடைக்கும். சிக்கல் அளவெடுப்பதில். கண்ணின் நீளத்தில் 1 மில்லிமீற்றர் பிழைத்தால் பவர் 2.5 டயொப்டருக்கு மேல் பிழைக்கும், சிறிய கண்ணில் இன்னும் மோசம். கச்சான் காற்றில் கண் உலர்ந்து எரியும் நாட்களில் அளவெடுக்கப் போகாதீர்கள். கண் ஓரத்தில் சதை வளர்ந்திருந்தால், கடற்கரை ஆட்களுக்கு அது சகஜம், முதலில் அதைக் கவனித்துவிட்டுத்தான் அளவு. சீனி வருத்தம் இருந்தால் விழித்திரையையும் பார்க்க வேண்டும்.

அரச வைத்தியசாலையில் வெண்புரைக்கு இலவசம். புரை இல்லாமல், கண்ணாடியை விடுவதற்காக என்றால் தனியார்தான். கொழும்பில் செய்வதாக இருந்தால் விலையைக் கேட்பதற்கு முன் வேறொன்றைக் கேளுங்கள்: ‘ஞாயிறு இரவு கண் சிவந்து நொந்தால் திருகோணமலையில் யாரிடம் காட்டுவது?’ கண்ணுக்குள் கிருமி தொற்றுவது அரிது, ஆயிரத்தில் ஒருவர் அளவில் அல்லது அதற்கும் குறைவு. ஆனால் வந்தால் மணித்தியாலக் கணக்கு. வலி, சிவப்பு, பார்வை இறங்குதல், மின்னல் வெட்டு, திரை விழுந்ததுபோல நிழல், இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் திகதியைப் பார்க்காமல் அன்றே போக வேண்டும்.

மாதங்களோ வருடங்களோ கழித்து மீண்டும் மங்கினால் பெரும்பாலும் விட்டுவைத்த உறை மூடியிருக்கும். சில நிமிட லேசர் வேலை. ஆனால் லென்ஸே பிடிக்கவில்லை, மாற்ற வேண்டும் என்றால் லேசருக்கு முன் சொல்லிவிடுங்கள். உறையைத் திறந்த பிறகு மாற்றுவது சிரமம்.

தொழிலைப் பற்றி: இரண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்யும் வழக்கம் குறைவு, இடையில் சில நாள் முதல் சில கிழமை விடுவார்கள். அந்த இடைவெளியில் ஒரு கண் ஒருவிதமாகவும் மற்றது வேறுவிதமாகவும் இருக்கும், ஹயர் எடுக்க வேண்டாம். இரண்டாவது கண் முடிந்து பார்வையைச் சோதித்து மருத்துவர் சரி என்ற பிறகு பகலில் உள்ளூர் ஓட்டம். கட்டுநாயக்க இரவு ஓட்டத்தை இரண்டாவது கண்ணுக்குப் பின் ஒரு மாதமாவது தள்ளுங்கள். சொட்டு மருந்தும் ஏறத்தாழ அவ்வளவு காலம் போகும். அதுவரை கடலில் முழுகுவதும் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் தலைக்கு ஊற்றுவதும் வேண்டாம். நிலாவெளி சுற்றுலா சீசன் செப்டெம்பரோடு ஓயும், கச்சானும் அடங்கிவிடும். ஒக்டோபரில் அளவெடுக்கப் போனால் உழைப்பும் கெடாது, கண்ணும் ஈரமாக இருக்கும்.