டிரைவர் ஏற்றிய மரம், உரிமையாளரின் வண்டி: வன வழக்கு கேள்வி-பதில்

என் மினி லாரியின் டிரைவர் எனக்குத் தெரியாமல் சந்தனக் கட்டை ஏற்றிப் பிடிபட்டார். நான் அன்று ஊரிலேயே இல்லை. வண்டி போய்விடுமா?

போகக்கூடும். "எனக்குத் தெரியாது" என்று மட்டும் எழுதிக் கொடுத்து வண்டியை இழந்தவர்கள் நிறையப் பேர். தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன் 49-பி பிரிவு கேட்பது அதைவிட அதிகம். உரிமையாளர், அவருடைய ஏஜென்ட், அப்போது வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் (உங்கள் வழக்கில் டிரைவர்) ஆகிய மூவருக்குமே தெரியாமல் நடந்திருக்க வேண்டும். மூவரும் தகுந்த முன்னெச்சரிக்கை எடுத்திருக்கவும் வேண்டும். இதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான். டிரைவரே தெரிந்து ஏற்றியிருந்தால் உங்கள் வாதம் அங்கேயே நொண்டியடிக்கும். வாடகைக்குப் பிடித்தவர் வேறு சரக்குக்கு அடியில் கட்டையை மறைத்திருந்தால் கதை வேறு.

அதனால் முதலில் மகஜரின், அதாவது வண்டியைப் பிடித்தபோது எழுதிய பதிவின், நகலை வாங்கிப் படியுங்கள். கட்டை எங்கே இருந்தது, எதனால் மூடியிருந்தது, யார் உடன் இருந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்தது, பிடிபடுவதற்கு முன்பே எழுதப்பட்ட ஆதாரங்கள்: டிரிப் ஷீட், வாடகை ரசீது, ஜிபிஎஸ் பதிவு. என்னிடம் வந்த ஒருவர் டீசல் கறை படிந்த நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்தார். தேதி, சரக்கு, ஏற்றிய இடம், இறக்கிய இடம், ஓட்டியவர் கையெழுத்து என ஒரு நாள்கூட விடவில்லை. விசாரணையில் அதிகாரி அரைமணி நேரம் புரட்டியது அந்த நோட்டைத்தான். பிடிபட்ட பிறகு தயாரித்த பிரமாணப் பத்திரத்துக்கு அந்த மதிப்பு கிடைக்காது.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் அதில் சொன்ன கெடுவுக்குள் பதில் கொடுத்துவிடுங்கள். வாங்க மறுப்பதால் எந்தப் பயனும் இல்லை.

காவல் நிலையத்தில் வண்டிகள் வீணாகக் கிடக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே. மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு எடுக்க முடியாதா?

நீங்கள் சொல்வது 2002-ஆம் ஆண்டின் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் தீர்ப்பு. வன வழக்குகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. வனக் குற்றத்தில் சிக்கிய வண்டியைச் சாதாரணமாக விடுவிக்கக் கூடாது, விட்டாலும் குறைந்தது வங்கி உத்தரவாதமாவது வாங்க வேண்டும் என்று கே. கிருஷ்ணன் வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம் கூறியது. மத்தியப் பிரதேசச் சட்டத்தை ஒட்டி எழுந்த உதய் சிங் வழக்கில் (2019) இன்னும் கறாராக நின்றது: பறிமுதல் நடவடிக்கை தொடங்கிய தகவல் வந்துவிட்டால், மாஜிஸ்திரேட் இடைக்காலமாக விடுவிக்க முடியாது.

ஆகவே பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 457, அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 503-ஆவது பிரிவின் கீழ் மனு எழுதும் முன், வனச் சட்டத்தின் 49-ஏ பிரிவின்படி பறிமுதல் நடவடிக்கை தொடங்கிவிட்டதா என்று விசாரியுங்கள். தொடங்கியிருந்தால் பறிமுதல் அதிகாரம் பெற்ற வன அலுவலர் முன்தான் வாதாட வேண்டும். வனச் சரக அலுவலக வளாகத்தில், பானெட் இடுக்கில் வேப்பங்கன்று முளைத்து நிற்கும் வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். அவற்றில் சில, தவறான கதவைத் தட்டி மாதங்களைத் தொலைத்தவர்களுடையவை.

குற்ற வழக்கில் விடுதலையாகிவிட்டேன். வண்டி தானாகத் திரும்பி வருமா?

வராது. பறிமுதலும் தண்டனையும் தனித்தனித் தடங்கள் என்பது ஆந்திர வழக்கான சுதாகர் ராவ் தீர்ப்பிலேயே (1985) உறுதியானது. பறிமுதல் உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். விடுதலைக்காகக் காத்திருந்து இந்தக் கெடுவை விட்டுவிடாதீர்கள்.

வண்டி பைனான்ஸில் இருக்கிறது. தவணை கட்ட வேண்டுமா?

கட்டத்தான் வேண்டும். வண்டி போனாலும் கடன் அப்படியே இருக்கும்.

விற்றுவிட்டேன், ஆர்சி இன்னும் என் பெயரில். நோட்டீஸ் எனக்கு வந்திருக்கிறது.

பதிவில் இருப்பவருக்குத்தான் நோட்டீஸ் வரும். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு. விற்பனை ஒப்பந்தம், பணம் வந்த வங்கிப் பதிவு, வண்டியை ஒப்படைத்த ரசீது ஆகியவற்றோடு நேரில் ஆஜராகுங்கள். வாங்கியவரின் முகவரியையும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.