வாசலில் ஓர் எழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டனில், ஃபிளாட்டுகளாக மாற்றிய பழைய போர்டு ஸ்கூல் ஒன்றில் முதல் மாடியில் குடியிருக்கிறோம். வாசலுக்கு மேலே கல்லில் 'கேர்ள்ஸ்' என்று செதுக்கியிருக்கிறது. அதை மறைத்துப் பெயர்ப்பலகை மாட்டலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் பேச்சு. எனக்கு மனசு ஒப்பவில்லை, காரணம் சொல்லவும் தெரியவில்லை. அப்புறம், ஜன்னல் ஏன் இவ்வளவு உயரத்தில் ஆரம்பிக்கிறது? உட்கார்ந்தால் வானம்தான் தெரிகிறது.

ர.

அன்புள்ள ர.,

ஜன்னலை முதலில் சொல்லிவிடுகிறேன். 1870 கல்விச் சட்டத்தின்படி அமைந்த லண்டன் பள்ளி வாரியம், அதாவது உங்கள் போர்டு ஸ்கூலின் 'போர்டு', ஈ. ஆர். ராப்சன் என்பவரைக் கட்டடக் கலைஞராக நியமித்தது. சிவப்புச் செங்கல், உயர்ந்த ஜன்னல் எல்லாம் அவர் காலத்து முத்திரை. ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகளுக்கு மேல்கூட உட்கார்ந்த காலம். கடைசி வரிசைவரை வெளிச்சம் போக வேண்டுமென்றால் ஜன்னல் உயர்ந்தே ஆக வேண்டும். ஜன்னலின் அடி விளிம்பும் உயரத்தில் இருந்தால் பிள்ளைகளின் கண் தெருவுக்குப் போகாது. வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும் என்பதில் ராப்சன் பிடிவாதமாக இருந்தார். எழுதும் வலக்கையின் நிழல் எழுத்தின் மேல் விழக்கூடாதே! பெரிய ஜன்னல் உங்கள் இடப்பக்கம் வரும்படி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். ஒரு சிறுமி சிலேட்டோடு உட்கார்ந்த திசை அநேகமாக அதுதான்.

இதனால்தான், இந்த மாதிரிக் கட்டடங்களில் ஜன்னலுக்குக் குறுக்கே பரண் போல ஓர் இடைத்தளம் போட்டு இரண்டு அறை ஆக்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். உங்கள் வீட்டில் ஜன்னல் முழுசாக இருக்கிறது, சந்தோஷம்.

சரி, எழுத்துக்கு வருவோம். ஆண், பெண், சின்னக் குழந்தைகள் என்று மூன்று வாசல்கள் வைப்பது வழக்கம். குழந்தைகள் கீழே, பெண்கள் நடுவில், பையன்கள் மேலே என்பது பல பள்ளிகளின் அமைப்பு. உள்ளே போன பெண்களுக்குத் தையல் கட்டாயம், பையன்களுக்கு இல்லை. அந்தப் பாகுபாட்டுக்கும் இந்த வாசல் சாட்சி. ஆனால் ஏழை வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள முதலில் நிறுத்தப்படுபவள் மூத்த பெண்தான். பள்ளிக்கு வருவது நாடு முழுவதும் கட்டாயமானதே 1880-ல்தான். பெரும்பாலான பள்ளிகளில் கட்டணம் போனது 1891-க்குப் பிறகு. அந்தப் பெண்ணுக்கென்று ஒரு வாசல் வைத்து, அதைக் கல்லிலும் எழுதியிருக்கிறார்கள். கூட்டத்தில் இதையே சொல்லுங்கள்.

பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உங்கள் கட்டடம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இருந்தால், அந்தக் கல்லில் ஆணி அடிக்கும் முன்பே உள்ளூர் கவுன்சிலிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் முடிவு பெரும்பாலும் உங்கள் கூட்டத்தின் கையில். பலகையைக் கேட் பக்கத்துச் சுவரில் மாட்டிக்கொள்ளலாமே.